பழைய பிரிட்டிஷ் டோக்கனை புக்கு வச்சு அடையாளம் கண்டுபிடிக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயின் கலெக்ட் பண்ற நம்மாளுங்க, அதுலயும் இங்கிலாந்துல இருக்கறவங்க, சந்தையில ஒரு செம்பு வட்டை பத்து பவுண்டுக்கு வாங்கிட்டு போட்டோ எடுத்து அனுப்பி "இது என்ன?"ன்னு கேக்கறாங்க. திரும்பத் திரும்ப ஒரே பதிலை டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன். இதுல பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த பிரிட்டிஷ் டோக்கன் பத்தித்தான், ஏன்னா சந்தையில அதிகமா கைல மாட்டறது அதுதான்.

டோக்கன்னா என்ன? காயின் இல்லையா?

ராஜா அடிச்சா காயின், வியாபாரி அடிச்சா டோக்கன், அவ்வளவுதான். 1775க்கு அப்புறம் பிரிட்டன்ல அரசாங்கம் செம்புக் காசு அடிக்கறதையே விட்டுடுச்சு. ஃபேக்டரி முதலாளிங்களுக்கு வாரக்கூலி கொடுக்க சில்லறையே இல்ல, ஊர்ல புழங்கினதுல பாதிக்கு மேல கள்ளக்காசு. 1787ல வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சீ தீவுல இருந்த பாரிஸ் சுரங்கக் கம்பெனி (பாரிஸ்ங்கறது அங்க இருக்கற ஒரு செம்பு மலை, ஃப்ரான்ஸ் ஊர் இல்ல) தன் சொந்தச் செம்புலயே பென்னி அடிச்சு விட்டுச்சு, அதைப் பாத்து துணிக்கடைக்காரன், டீத்தூள் வியாபாரி, புத்தகக்கடைக்காரன்னு ஆளாளுக்கு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1797ல மேத்யூ போல்டன் தன்னோட சோஹோ மின்ட்ல (காசு அடிக்கற ஆலை) அரசாங்கத்துக்காக அந்தப் பெரிய தடிமனான "கார்ட்வீல்" பென்னி அடிச்சப்புறம் இது ஓய்ஞ்சுது.

எந்தக் காலத்து டோக்கன்னு பாத்தவுடனே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், எந்த புக்கை எடுக்கறதுங்கறதே இதை வச்சுத்தான். மெல்லிசா, நம்ம சட்டை பட்டன் சைஸ்ல, "ஹிஸ் ஹாஃப் பென்னி"ன்னு எழுதி 1650, 1660கள்ல வருஷம் போட்டிருந்தா அது 17ஆம் நூற்றாண்டு, அதுக்கு வில்லியம்சன் எழுதின கேட்டலாக் (1889ல இருந்து 1891 வரைக்கும் வந்தது), அப்புறம் 1986ல வந்த டிக்கின்சன். 28, 29 மில்லிமீட்டர் அகலத்துல நல்ல கனமா 1787க்கும் 1797க்கும் நடுவுல வருஷம் இருந்தா டால்டன்-ஹேமர். 1811, 1812, 1813ன்னு இருந்தா 19ஆம் நூற்றாண்டுக்காரங்க, டேவிஸ் 1904ல போட்ட புக்கு அல்லது விதர்ஸ் தம்பதியோட புக்கு. 1811-12ல வெள்ளியில ஷில்லிங் கூட அடிச்சாங்க, 1817 சட்டத்துல எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்க.

வருஷமே இல்லாததும் நிறைய இருக்கு. அப்ப சைஸ், எடை, எழுத்து ஸ்டைல் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

எல்லாரும் டால்டன்-ஹேமர், டால்டன்-ஹேமர்ங்கறாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

ரிச்சர்ட் டால்டனும் சாமுவேல் ஹேமரும் 1910ல இருந்து பகுதி பகுதியா வெளியிட்ட கேட்டலாக். கிட்டத்தட்ட எல்லா டோக்கனுக்கும் படத்தோட நம்பர் கொடுத்திருக்காங்க, நூறு வருஷம் ஆகியும் ஏலக்கடையில இன்னிக்கும் அந்த நம்பர்தான். அதுக்கு முன்னாடி 1892ல அட்கின்ஸ், அதுக்கும் முன்னாடி டோக்கன் புழங்கின காலத்துலயே பை (1795, அப்புறம் 1801), காண்டர் (1798). காண்டர் இப்ஸ்விச் ஊர்ல துணிக்கடை வச்சிருந்தவர், அவரே சொந்தமா டோக்கன் அடிச்சு விட்டிருக்கார். அவர் போட்ட கேட்டலாக்காலதான் அமெரிக்காக்காரங்க இந்த மொத்த வகையறாவையும் "காண்டர் டோக்கன்"னே கூப்பிடறாங்க.

பழசுங்கறதால பை எழுதின புக்கை ஒதுக்கிடாதீங்க. 1801 பதிப்புல அச்சு (காசுல உருவம் பதிக்கற முத்திரைக் கட்டை) வெட்டினவன் யாரு, அடிச்சவன் யாரு, எவ்வளவு அடிச்சாங்கன்னு கூட இருந்து பாத்தவர் மாதிரி எழுதியிருக்கார், டால்டன்-ஹேமர்ல அந்த மாதிரி விவரம் தேடினா கிடைக்காது.

புக்கைத் திறந்தாச்சு, எங்க தேடறது?

மாவட்டம், அதாவது கவுன்ட்டி. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்துன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் கவுன்ட்டி அகரவரிசையில இருக்கும். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் நம்பர் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதனால வெறும் "டால்டன்-ஹேமர் 59"ன்னு எழுதி அனுப்பினா ஒண்ணுமே புரியாது, "லங்காஷையர் 59"ன்னு சொல்லணும். கவுன்ட்டிக்குள்ள முதல்ல பென்னி, அப்புறம் அரைப்பென்னி, கடைசியா ஃபார்த்திங் (கால் பென்னி). அதுக்குள்ள ஊர் வரிசை.

இங்க எல்லாரும் இடறி விழற இடம் ஒண்ணு இருக்கு, புக்குல இருக்கறது பழைய கவுன்ட்டி. பர்மிங்காமும் கவன்ட்ரியும் இன்னிக்கு வெஸ்ட் மிட்லண்ட்ஸ், ஆனா அது 1974ல வந்த ஏற்பாடு, புக்குல ரெண்டும் வாரிக்ஷையர். லண்டன்னா மிடில்செக்ஸ். ஊர் பேரைக் கூகுள் மேப்ல பாத்து கவுன்ட்டி கண்டுபிடிச்சா தப்பான பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க.

ஒரு டோக்கனை எடுத்துக் காட்டி சொல்லுங்களேன் அண்ணா?

சரி, கவன்ட்ரி அரைப்பென்னியை எடுத்துக்கலாம், சந்தையில சாதாரணமா கிடைக்கும். ஒரு பக்கம் குதிரை மேல துணியில்லாம ஒரு பொண்ணு, அது கொடைவா சீமாட்டி, மக்கள் மேல போட்ட வரியை நீக்க அவ அப்படி ஊர்வலம் போனதா ஒரு பழங்கதை. சுத்தி "ப்ரோ போனோ பப்ளிக்கோ"ன்னு லத்தீன். திருப்பினா யானை, யானை முதுகுல ஒரு கோட்டை, அது கவன்ட்ரி நகரத்தோட சின்னம். நம்மாளுங்க யானையைப் பாத்ததும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, மைசூர்னு ஓடிடுவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, "கவன்ட்ரி ஹாஃப்பென்னி"ன்னு சுத்தி எழுதியே இருக்கு.

ஆக வாரிக்ஷையர், அரைப்பென்னி பகுதி, கவன்ட்ரி தலைப்பு. அங்க போனா ஒரே மாதிரி வரிசையா நிக்கும், அப்ப வருஷம் பாக்கணும், 1792, 1793, 1794, 1795ன்னு இருக்கு. அதே வருஷத்துலயே ரெண்டு மூணு அச்சு இருக்கும், அங்கதான் வேலையே ஆரம்பிக்குது: எந்த எழுத்துக்கு நேரா எந்த உருவத்தோட நுனி வருது, வருஷத்தோட எண்கள் நெருக்கமா தள்ளியான்னு படத்தையும் காசையும் பக்கத்துல வச்சு பாக்கணும். அதுவும் முடிஞ்சப்புறம் விளிம்பு. நல்லா இருக்கற பீஸ்ல விளிம்புல "ராபர்ட் ரெனால்ட்ஸ் அண்ட் கோ கிடங்கில் தரப்படும்"ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ் வாசகம் இருக்கும். அதாவது இந்தக் காசைக் கொண்டுபோய் எந்தக் கடையில கொடுத்தா நிஜக் காசு தருவான்னு விளிம்புலதான் எழுதியிருக்கு, முகத்துல இல்ல.

விளிம்புக்கு ஏன் இவ்வளவு அலப்பறை? ரெண்டு பக்கமும் மேட்ச் ஆனா போதாதா?

போதாது. விளிம்பு டோக்கனோட மூணாவது பக்கம்னே வச்சுக்குங்க. முதல் பாரிஸ் பென்னியில ஒரு பக்கம் ட்ரூயிட்ங்கற பழைய செல்டிக் பூசாரியோட தலை, ஓக் இலை மாலைக்குள்ள. மறுபக்கம் "கொண்டு வருபவருக்கு ஒரு பென்னி தருவதாக உறுதியளிக்கிறோம்"ங்கற வாசகம், அங்க வாக்கியம் பாதியில நிக்குது. மீதி விளிம்புல: "கேட்டவுடன், லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சீயில்". காசை உருட்டிப் பாத்தாத்தான் வாக்கியமே முடியும்.

விளிம்பு எழுத்தைக் காசு அடிக்கறதுக்கு முன்னாடியே வெறும் வட்டுல தனி மெஷின்ல உருட்டிப் போட்டுடுவாங்க. அதனால ஒரு ஆர்டர்ல மிச்சமான வட்டை அடுத்த கடைக்காரன் ஆர்டருக்குப் போட்டுத் தள்ளினதும் உண்டு. முகத்துல ஒரு ஊர், விளிம்புல சம்பந்தமே இல்லாத வேற ஊர்னு வரும், பயப்படாதீங்க, அது ஃபேக் இல்ல. டால்டன்-ஹேமர்ல இந்த விளிம்பு வித்தியாசத்தை நம்பருக்குப் பின்னாடி ஏ, பி, சின்னு சின்ன எழுத்து போட்டு காட்டியிருப்பாங்க. விலை வித்தியாசம் பல தடவை அந்த ஒத்தை எழுத்துலதான் இருக்கு. வெறும் விளிம்பா, சாய்கோடா, எழுத்தான்னு சொல்லாம முன்னும் பின்னும் மட்டும் போட்டோ அனுப்பி "நம்பர் சொல்லுங்க"ன்னா யாராலயும் முழு நம்பர் சொல்ல முடியாது.

படிக்கறதுக்கு ஒரு வழி: டேபிள் லைட்டைப் பக்கவாட்டுல இருந்து அடிக்க விட்டு, காசை ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா உருட்டிக்கிட்டே போன்ல வீடியோ எடுங்க, அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. எழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது, நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறியும் கிடக்கும், தெரியற எழுத்தை எல்லாம் வரிசையா பேப்பர்ல எழுதிட்டா ஊர் பேர் தானா பிடிபடும்.

எழுத்து தேஞ்சு போச்சு, பாதி வார்த்தைதான் தெரியுது. என்ன செய்ய?

உருவத்தை வச்சுத் தேடுங்க. டோக்கன்ல இருக்கற படம் பெரும்பாலும் காரணத்தோடதான் இருக்கும்: நகரச் சின்னம், அந்த ஊர் கதீட்ரல், கடைக்காரன் விக்கற பொருள், கம்பளி ஊர்னா ஆடு இல்லன்னா பிஷப் ப்ளேஸ் (கம்பளி சீவறவங்களோட காவல் புனிதர்). சுத்தி இருக்கற எழுத்துல கடைசி மூணு எழுத்து தெரிஞ்சாக்கூட போதும், அகரவரிசையில ஊர்களை ஓட்டிப் பாத்தா எது பொருந்துதுன்னு தெரிஞ்சுடும்.

புக்குல நம்பர் கிடைச்சுடுச்சு. அப்ப இது அந்தக் காலத்துல காசா புழங்கினதுதானே?

இதுக்கு "ஆமா"ன்னு தலையாட்டறவங்கதான் அதிகம், எனக்கு இதுலதான் சண்டை. டால்டன்-ஹேமர்ல இருந்தா டோக்கன் மாதிரி இருந்த ஒரு பொருள்னு அர்த்தம், அவ்வளவே. காய்கறி வாங்கினாங்களா, கூலி கொடுத்தாங்களான்னு அந்த நம்பர் சொல்லாது.

என்ன நடந்துதுன்னா, 1790களோட நடுவுலயே டோக்கன் சேக்கறது பெரிய பைத்தியமா ஆயிடுச்சு. புதுசு புதுசா வேணும்னு சேக்கறவங்க கேக்க, அடிக்கறவங்க புதுசு புதுசா "உருவாக்க" ஆரம்பிச்சாங்க. பழைய அச்சுல ஒண்ணோட முன்பக்கத்தையும் இன்னொண்ணோட பின்பக்கத்தையும் சேத்து அடிச்சா ஒரு புது அயிட்டம். இதுக்கு "மியூல்"னு பேரு. லண்டன்ல தாமஸ் ஸ்பென்ஸ்னு ஒரு புத்தகக்கடைக்காரர், நிலம் எல்லாருக்கும் பொதுன்னு பேசி ஜெயிலுக்குப் போன தீவிர சீர்திருத்தக்காரர், தன் அரசியலை டோக்கன்ல அடிச்சு பரப்பினார். "அடிமைகளின் நடுவில் என் சுதந்திரத்தை அனுபவிக்கிறேன்"னு ஒரு பூனை சொல்றது அவரோடதுதான். அவர் தன் அச்சுகளை இஷ்டத்துக்கு மாத்தி மாத்திச் சேத்து அடிச்சார், அவர்கிட்ட இருந்து அச்சுகளை வாங்கின ஸ்கிட்மோர் இன்னும் கூட்டினார். அதே ஸ்கிட்மோர் லண்டன் சர்ச்சு, கோட்டை வாசல்னு, பர்மிங்காம்ல கெம்ப்சன் அந்த ஊர் கட்டடம்னு சீரிஸ் சீரிஸா அடிச்சது முழுக்க கலெக்டர் பாக்கெட்டைக் குறிவச்சுத்தான். இதெல்லாமும் டால்டன்-ஹேமர்ல அசல் கூலிக்காசு பக்கத்துலயே சமமா உக்காந்திருக்கு. மிடில்செக்ஸ் பகுதி அவ்வளவு தடியா இருக்கறதுக்கு இதுவும் காரணம்.

இதைப் பிரிச்சுக் காட்டினவர் ஆர். சி. பெல். 1963ல நிஜமா வியாபாரத்துல ஓடினதுக்கு ஒரு புக்கு, 1966ல கடைக்காரங்க சீட்டு, தனியார் டோக்கனுக்கு ஒண்ணு, 1968ல பாக்க அசல் மாதிரி இருந்து ஆளை ஏமாத்தினதுக்கு ஒண்ணு, 1978ல அந்தக் கட்டட சீரிஸுக்கு ஒண்ணு. நம்பருக்கு டால்டன்-ஹேமர், அது என்னதுன்னு தெரிய பெல். ரெண்டையும் பாக்காம முடிவு சொல்லாதீங்க. தேஞ்சு மொழுக்குனு இருக்கற டோக்கன் கை மாறி இருக்கு, பளபளன்னு அபூர்வமான மியூல் எவனோ ட்ராயர்லயே பிறந்து வளந்திருக்கு. எனக்குத் தேஞ்சதுதான் பிடிக்கும், அது தனி ரசனை.

புக்கு சொல்ற ஊர் ஒண்ணு, டோக்கன்ல இருக்கற ஊர் ஒண்ணு. எது சரி?

ரெண்டும் சரியா இருக்கலாம். புக்குல எங்கயாவது ஒரு இடத்துல வச்சுத்தானே ஆகணும்? ஜான் வில்கின்சன்னு இரும்பு முதலாளி, தன் மூஞ்சியையே காசுல போட்டுக்கிட்டவர் (ராஜா மூஞ்சி இருக்கற இடத்துல, அப்ப பெரிய கேலி ஆச்சு). விளிம்புல வில்லி, ஸ்னெட்ஸ்ஹில், பெர்ஷம், ப்ராட்லின்னு அவரோட ஆலை இருந்த ஊர்கள், ஒண்ணு கூட வாரிக்ஷையர்ல இல்ல, பெர்ஷம் வேல்ஸ்லயே இருக்கு. ஆனா புக்குல அவர் இருக்கறது வாரிக்ஷையர்ல.

இதைவிட வேடிக்கை "கென்டக்கி டோக்கன்". ஒரு பக்கம் ஒரு கை சுருளைப் பிடிச்சிருக்கு, அதுல "எங்கள் நோக்கம் நியாயமானது"ன்னு இங்கிலீஷ்ல. மறுபக்கம் 15 நட்சத்திரம் முக்கோணமா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு அமெரிக்க மாநிலத்தோட முதல் எழுத்து, உச்சியில "கே". 1792ல 15ஆவது மாநிலமா சேந்தது கென்டக்கி, அதனாலதான் இந்தப் பேரு. வருஷம் கிடையாது, ஊர் பேரு கிடையாது, அடிச்சது இங்கிலாந்துல. அதிகமா கிடைக்கற விளிம்புல "லங்காஸ்டர், லண்டன் அல்லது பிரிஸ்டலில் தரப்படும்"னு இருக்கறதால இது லங்காஷையர் 59. அமெரிக்காக்காரங்க இதை அவங்க நாட்டுக் காலனிக் காசுகளோட சேத்துப் பட்டியல் போடறாங்க. ஒரு விளிம்பு எழுத்தை வச்சு ஒரு முழு அமெரிக்க டோக்கன் லங்காஷையருக்குக் குடிபோயிடுச்சு!

ஊரே சொல்லாத அரசியல் டோக்கன் பலதும் மிடில்செக்ஸ்ல கிடக்கும். சங்கிலியோட முட்டி போட்டு "நானும் மனுஷன் இல்லையா, உன் சகோதரன் இல்லையா"ன்னு கேக்கற அடிமை ஒழிப்பு டோக்கன் அங்கதான்.

17ஆம் நூற்றாண்டு டோக்கன்ல நடுவுல மூணு எழுத்து இருக்கே, அது என்ன?

குடும்பம். மேல இருக்கற எழுத்து குடும்பப் பேர், கீழ இடது பக்கம் புருஷன், வலது பக்கம் பொண்டாட்டி. சுத்தி எழுத்துல புருஷன் பேர் முழுசா இருக்கும், மனைவி பேருக்கு அந்த ஒரு எழுத்துதான். விதவை நடத்தின கடைன்னா "ஹெர் ஹாஃப் பென்னி"ன்னு இருக்கும். பேரையும் ஊரையும் வச்சு வில்லியம்சன்ல ஊரைப் பிடிச்சுட்டு, அந்த ஊர் சர்ச் கல்யாணப் பதிவேட்டைப் பாத்தா மனைவி பேரையும் பிடிச்சுடலாம். 1672ல இந்த டோக்கன் எல்லாத்தையும் ராஜா தடை பண்ணிட்டார்.

தங்கக்கலர்ல மூணாம் ஜார்ஜ், 1797, மண்வெட்டி மாதிரி கேடயம். கினியா (அந்தக் காலத்து பிரிட்டிஷ் தங்கக்காசு) தானே?

இல்லங்க. சுத்தி எழுத்தைப் படிங்க, "பழைய நல்ல காலத்தின் நினைவாக"ன்னு இங்கிலீஷ்ல இருந்தா அது பித்தளை, சீட்டு விளையாட்டுக்கு வச்சுக்கற கவுன்ட்டர், விக்டோரியா காலத்துல மூட்டை மூட்டையா அடிச்சது. இதே மாதிரி குதிரைவீரன் படத்தோட "டு ஹனோவர்" 1837ன்னு வரும், அதுவும் பித்தளைதான். ரெண்டையும் டால்டன்-ஹேமர்ல தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

மெல்லிசான மஞ்சள் வட்டு, நடுவுல பூ, சுத்தி மூணு கிரீடம் மூணு லில்லி, மறுபக்கம் சிலுவை வச்ச உருண்டைன்னு இருந்தா அது ஜெர்மனியில நியூரம்பர்க்ல அடிச்ச ஜெட்டான், கணக்குப் போட மேசையில நகர்த்தற காய். ஹான்ஸ் க்ராவின்கல்னு பேர் இருந்தா சந்தேகமே வேண்டாம். இதுக்கு மிட்ச்சினர் புக்கு, அல்லது பர்னார்ட் 1916.

ஊர்ல தாத்தா பெட்டியில இருந்த 1794 செம்புக்காசு, இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. டோக்கனா?

ஈஸ்ட் இந்தியா கம்பெனி கேடயமும் 48ங்கற எண்ணும் இருந்தா அது நிஜக் காயின், மெட்ராஸ் ராஜதானிக்காக சோஹோ மின்ட்ல அடிச்ச ரூபாய்ல நாப்பத்தெட்டுல ஒரு பங்கு. டோக்கன் அலை அடிச்ச அதே காலம், பர்மிங்காம் பக்கத்துலயே அடிச்சது, அதனால உடம்பும் ஸ்டைலும் ஒத்துப்போகும். இதுக்கு உலகக் காசுக் கேட்டலாக்ல மெட்ராஸ் பக்கம் பாருங்க.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், மறுபக்கம் கம்பெனி பேரோட 1818 அரையணான்னு இருந்தா... அது பிற்காலத்துல கற்பனையா அடிச்சது. கோடி ரூபாய்க்குப் போகும்னு வாட்ஸப்ல வர்றதை நம்பாதீங்க.

சிலோன் காப்பித் தோட்டக்கார டோக்கன் இந்த புக்குல வருமா?

வராது, காலமே வேற. அதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு, கொழும்பு காப்பிக் கம்பெனிகள் விட்டது. காட்ரிங்டன் 1924ல இலங்கைக் காசு பத்தி எழுதின புக்குதான் முதல்ல பாக்க வேண்டியது. நம்ம ஊர்ல இருந்து அங்க வேலைக்குப் போன ஜனங்களோட கதையோட சேந்த சமாச்சாரம், அதுக்குத் தனியா எழுதணும்.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கறது?

ரெண்டு வகை இருக்கு. அந்தக் காலத்துலயே டோக்கனுக்குக் கள்ள டோக்கன் அடிச்சிருக்காங்க, ட்ரூயிடும் வில்கின்சனும் நல்லா ஓடினதால அதுக்குத்தான் அதிகம். எடை போட்டுப் பாருங்க, அசல் பாரிஸ் பென்னி ஒரு அவுன்ஸ், 28 கிராம் கிட்ட இருக்கும், கள்ளது கண்டிப்பா இளைச்சிருக்கும். இந்தக் கள்ளதையும் சேக்கறவங்க இருக்காங்க, புக்குலயும் இருக்கு. இன்னொண்ணு இப்ப வார்ப்புல பண்றது: பரப்புல ஊசி குத்தின மாதிரி குழி, எழுத்தோட ஓரம் சோப்பு கரைஞ்ச மாதிரி மொழுமொழுன்னு, விளிம்புல சுத்தி ஒரு கோடு. கோடு இருந்தா கீழ வச்சுட்டு நடையைக் கட்டுங்க.

புளி போட்டுத் தேய்ச்சா எழுத்து நல்லாத் தெரியுமே?

தெரியும், விலையும் பாதியா போகும். தொடாதீங்க. மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சு மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடுங்க, அதோட நிறுத்திக்குங்க.

எந்த புக்கை முதல்ல வாங்கட்டும்?

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஓசியில பாருங்க. காண்டர், பை, அட்கின்ஸ், வில்லியம்சன் எல்லாம் பழசுங்கறதால ஸ்கேன் கிடைக்கும். ஸ்கேன்ல படம் மங்கலா இருக்கும், அச்சு வித்தியாசம் பாக்க உதவாது, எழுத்தைத் தேட உதவும். தொடர்ந்து சேக்கப் போறீங்கன்னா டால்டன்-ஹேமர் மறுபதிப்பு வாங்கியே ஆகணும், கனமான புக்கு, கனமான விலை. மூணு நூற்றாண்டையும் மேலோட்டமா பாத்துக்க ஒரே புக்கு போதும்னா விதர்ஸ் தம்பதி 2010ல போட்ட டோக்கன் புக்கு, அதுல தோராய விலையும் உண்டு.

புக்குல "ஆர்ஆர்ஆர்"னு போட்டிருக்கு. லட்சாதிபதி ஆயிட்டேனா?

அது "ரொம்ப ரொம்ப அபூர்வம்"னு நூறு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேர் தங்களுக்குத் தெரிஞ்ச கலெக்ஷனை வச்சுப் போட்ட மதிப்பு. அதுக்கப்புறம் பெட்டி பெட்டியா வெளியே வந்தது நிறைய. அதோட, அபூர்வமா இருந்தா மட்டும் விலை வராது, அதை வேணும்னு கேக்கறவன் ரெண்டு பேராவது இருக்கணும். ஸ்பென்ஸ் மியூல்ல ஆர்ஆர்ஆர் ஒண்ணு சாதாரண விலைக்குப் போகும், அதே நேரம் அமெரிக்க வாடை அடிக்கற ரொம்ப சாதாரணமான கென்டக்கி டோக்கன் அதைவிட அதிகத்துக்குப் போகும், ஏன்னா அட்லாண்டிக் ரெண்டு கரையிலயும் ஆள் கையைத் தூக்கறாங்க. ஏல முடிவுகள்ல உங்க நம்பரை, கவுன்ட்டி பேரோட, பின்னாடி இருக்கற சின்ன எழுத்தோட தேடிப் பாருங்க, நிஜமா எவ்வளவுக்குப் போச்சோ அதுதான் விலை.